தேடச் சொல்லி மனு கொடுப்பது, இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுப்பதாகாது

வாசகியின் கடிதம்:

வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். ஊத்தங்கரை வட்டத்தில் தென்பெண்ணைக் கரையை ஒட்டியது எங்கள் ஊர். இந்த மழையில் மேலே உள்ள ஏரி உடைந்து இரவு 2 மணிக்குத் தண்ணீர் ஊருக்குள் வந்துவிட்டது. கொட்டகையில் கட்டியிருந்த மாடுகளை அவிழ்த்துவிடப் போன மாமனார் (வயது 64) திரும்பவில்லை. அவருக்குக் காது சரியாகக் கேட்காது. நாங்கள் கத்தியது அவருக்குக் கேட்டிருக்காது. இன்றோடு 12 நாள் ஆகிறது. இரண்டு கறவை மாடுகளும் ஆறு ஆடுகளும் செத்துவிட்டன. ஓட்டு வீட்டில் இரண்டு சுவர் விழுந்துவிட்டது. ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பில் பாதி மரங்கள் வேரோடு சாய்ந்துவிட்டன. பீரோ ஆற்றோடு போய்விட்டது. பட்டா, கிரயப் பத்திரம், ரேஷன் கார்டு, ஆதார், மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் அதில்தான் இருந்தன. நிலமும் வீடும் மாமனார் பெயரில் உள்ளன. கணக்கெடுக்க வந்தபோது நாங்கள் பள்ளிக்கூட முகாமில் இருந்ததால் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. இறப்புச் சான்று வாங்க ஏழு வருடம் ஆகும், அதுவரை எதுவும் கிடைக்காது என்கிறார்கள். ஒருவர் வந்து, எல்லாவற்றையும் வாங்கித் தருகிறேன், நூற்றுக்குப் பத்து ரூபாய் கொடுங்கள் என்று சொல்லி, மாமியாரிடம் வெற்றுத் தாளில் கைநாட்டு கேட்கிறார். குழுக் கடன்காரர் முகாமுக்கே வந்து உட்கார்ந்துகொள்கிறார். என் கணவர் ஒசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறார். விடுப்பு முடியப்போகிறது. எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை. போலீஸில் எழுதிக்கொடுக்கலாம் என்றால் மாமியார், "நாமே அவரைச் சாகடித்துவிட்டதாக ஆகிவிடும்" என்று அழுகிறார்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் மாடும் பத்திரமும் கடனும் முன்னால் வருகின்றன. மாமியார் சொன்னது கடைசி வரியில் இருக்கிறது. எனக்கு அதுதான் முதல் வேலையாகப் படுகிறது. அதற்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். முடிந்தால் மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

காவல் நிலையத்தில் நீங்கள் கொடுக்கப்போவது "ஆள் காணவில்லை" என்ற புகார். அதில் எங்கேயும் இறந்தார் என்ற சொல் வராது, வரவும் வேண்டாம். "இன்ன தேதி, இன்ன நேரம், வெள்ளத்தில் கொட்டகைப் பக்கம் போனவரைக் காணவில்லை, தேடிக் கண்டுபிடித்துக் கொடுங்கள்" என்று எழுதினால் போதும். மாமியார் மனம் எதை நம்புகிறதோ அதற்கு இந்தப் புகார் எதிரானதில்லை. அவர் எங்காவது கரையேறிக் கிடக்கிறார் என்றால் அவரைத் தேடுவதற்கும் இதுதான் வழி. பொட்டையும் தாலியையும் பற்றி யாரும் இப்போது அவரிடம் பேச வேண்டாம். காரியம் செய்வதும் செய்யாமலிருப்பதும் உங்கள் குடும்பத்தின் விருப்பம். சட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

புகாரைச் சுருக்கமாக எழுதிவிடாதீர்கள். அன்று இரவு அவர் உடுத்தியிருந்த வேட்டியின் கரை, சட்டையின் நிறம், அரைஞாண் கயிறு, கையில் மோதிரம் இருந்ததா, எந்தப் பல் விழுந்திருக்கிறது, பழைய அறுவைச் சிகிச்சைத் தழும்பு, பச்சை குத்தியிருந்தால் எந்தக் கையில் என்ன எழுத்து, எல்லாவற்றையும் எழுதுங்கள். புகைப்படம் ஆற்றோடு போயிருந்தால் உறவினர் கல்யாண ஆல்பத்தில் ஒன்று இருக்கும், அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக் கொடுங்கள். மனுவை வாங்கியதும் மனு ஏற்பு ரசீது கொடுப்பார்கள், வழக்கமாக சி.எஸ்.ஆர். என்று சொல்வார்கள். அதோடு திரும்பிவிடாமல் முதல் தகவல் அறிக்கை பதியச் சொல்லிக் கேளுங்கள். பதிந்தால் அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.

இன்னொன்றையும் எழுத்தில் கேளுங்கள். தென்பெண்ணை உங்கள் ஊரோடு நிற்பதில்லை. அனுமன்தீர்த்தம் தாண்டி, திருவண்ணாமலை மாவட்டத்தில் சாத்தனூர் அணைக்குப் போய், அங்கிருந்து கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டங்கள் வழியாகக் கடலூரில் கடலில் சேருகிறது. ஆகவே, அணைவரை கரையோரம் உள்ள காவல் நிலையங்களுக்கும், அந்த வழியில் உள்ள அரசு மருத்துவமனைகளுக்கும், அணையைத் தாண்டிய மாவட்டங்களுக்கும் அடையாளக் குறிப்பை அனுப்பும்படி மனுவிலேயே ஒரு வரி சேருங்கள். ஊத்தங்கரையில் தேடிக்கொண்டே இருந்தால் போதாது. அடையாளம் தெரியாத உடல் எங்காவது கிடைத்தால், உங்கள் கணவரின் ரத்த மாதிரியை எடுத்து மரபணுச் சோதனை செய்ய முடியும். அதற்குச் சம்மதம் என்பதையும் அவர் எழுதிக் கொடுத்துவிடட்டும். இதைப் படிக்கவே மனம் பதறும், தெரிகிறது. ஆனால் அவர் ஒசூர் திரும்புவதற்குள் முடிக்க வேண்டிய வேலை இது.

ஏழு வருடப் பேச்சுக்கு வருகிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஒருவரைப் பற்றி ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லை என்றால் அவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம். புதிய சாட்சியச் சட்டத்தின் 111-வது பிரிவு, பழைய சட்டத்தில் 108-ஆக இருந்தது. கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவருக்கு, எந்தத் தடயமும் இல்லாதவருக்கு, அந்தப் பிரிவு பொருந்தும். அதற்கு முன்னால் மரணத்தை நிரூபிக்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. வெள்ளத்துக்குள் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்தால், சூழ்நிலையைக் கொண்டே நிரூபிக்க வழி உண்டு.

பேரிடர்களில் அரசுகளே இதற்குத் தனி நடைமுறை வகுத்திருக்கின்றன. 2021 பிப்ரவரியில் உத்தராகண்டின் சமோலியில் ரிஷிகங்கா வெள்ளம் வந்தபோது, காணாமல் போனவர்களுக்கு ஏழு வருடம் காத்திருக்காமல் சான்று கொடுத்தார்கள். காணவில்லை என்ற புகார், அதிகாரியின் விசாரணை, பெயரை வெளியிட்டு ஆட்சேபம் கேட்க 30 நாள், பிறகு சான்று என்பது அந்த வழி. வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று நிலச்சரிவில் மறைந்தவர்களை இறந்தவர்களாகக் கருதி நிவாரணம் கொடுக்க கேரள அரசு 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. உங்கள் மனுவில் இந்த இரண்டையும் குறிப்பிட்டு, இதுபோன்ற விசாரணையை எங்களுக்கும் நடத்துங்கள் என்று மாவட்ட ஆட்சியரிடம் கேட்கலாம். அது நகராவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்கு, அதாவது அவர் இறந்துவிட்டார் என்று நீதிமன்றமே அறிவிக்கக் கேட்கும் வழக்குப் போடலாம். இரண்டு வழிகளுக்கும் அடிப்படை அந்தக் காவல் நிலையப் புகார்தான். நாள் தள்ளிக் கொடுத்தால், ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்வி வரும். மாமியாருக்கு இப்போது அதைச் சொல்ல வேண்டாம், உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

அன்று இரவு அவர் கொட்டகைப் பக்கம் போனதைப் பார்த்தவர் யார் யார்? அவர்கள் ஒவ்வொருவரும் தாங்கள் பார்த்ததைத் தங்கள் வார்த்தையில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு உங்களிடம் கொடுக்கட்டும். எத்தனை மணி, எவ்வளவு உயரம் தண்ணீர், கையில் என்ன விளக்கு வைத்திருந்தார் என்பது இன்றைக்கு எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆறு மாதம் கழித்து ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள்.

எதை முதலில் செய்வது என்று கேட்டீர்களே, நான் கடைப்பிடிக்கும் கணக்கு ஒன்றுதான். நாள் போனால் அழிந்துவிடும் சான்றை இன்றைக்குப் பிடியுங்கள், அழியாததை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபின் 2024 டிசம்பர் 2 காலை வரையிலான ஒரு நாளில் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அரூரில் 33 செ.மீ. ஊத்தங்கரைப் பேருந்து நிலையத்துப் பக்கம் நின்ற வண்டிகள் காகிதக் கப்பல் போல அடித்துச் செல்லப்பட்டதை நாடே பார்த்தது. அடுத்த சில வாரங்கள் முகாம்களில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தேன். அப்போது நெஞ்சை அறுத்தது ஒன்று உண்டு. சுத்தக்காரக் குடும்பங்கள்தான் அதிகம் இழந்தன. தண்ணீர் வடிந்த மறுநாளே சேற்றை வாரி, சுவரைக் கழுவி, செத்த ஆட்டைப் புதைத்துவிட்டு உட்கார்ந்தவர்களிடம், கணக்கெடுக்க வந்தவர் "இங்கே என்ன சேதம்?" என்று கேட்டார். அவர்களிடம் காட்ட எதுவும் இருக்கவில்லை.

ஆகவே உங்கள் வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற உயரம் வரை சேற்றுக்கோடு இருக்குமே, அதைக் கழுவும் முன் படம் எடுங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் உங்கள் மகள் நிற்கட்டும், உயரம் தெரியும். விழுந்த சுவர், ஓடு, கொட்டகை, சாய்ந்த மாமரம் ஒவ்வொன்றும், பிறகு வீட்டையும் தெருவையும் சேர்த்து ஒரு நீளமான வீடியோவும் எடுங்கள். மரங்களை எண்ணி எழுதுங்கள். விறகுக்காரர் வந்து வெட்டிக்கொண்டு போகிறேன் என்றால், கணக்கெடுப்பு முடியட்டும் என்று சொல்லுங்கள். மின்வாரிய ஆள் வந்து பார்க்கும்வரை மெயின் ஸ்விட்சைத் தொடவே கூடாது. மின்னகம் எண் 94987 94987. இடிந்த வீட்டில் நனைந்த சுவருக்குள் ஒயர் இருக்கிறது, குழந்தைகள் அங்கே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடுகளைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு தகவல் இல்லை. புதைத்துவிட்டீர்களா? கால்நடை மருத்துவர் வந்து பார்த்தாரா? பார்த்திருந்தால் அவர் தரும் இறப்புச் சான்றை வாங்கிவிடுங்கள். பார்க்காமல் புதைத்திருந்தால், கால்நடை மருந்தகத்தில் உடனே எழுதிக் கொடுத்து, வி.ஏ.ஓ. மற்றும் அக்கம்பக்கத்தார் முன்னிலையில் நேரில் விசாரித்து எழுதக் கேளுங்கள். பால் சொசைட்டியில் நீங்கள் பால் ஊற்றிய அட்டை, மாடு வாங்கக் கடன் கொடுத்த இடத்தில் இருக்கும் பதிவு இரண்டும், அந்த வீட்டில் இரண்டு கறவை இருந்தது என்பதற்குச் சாட்சி. மாட்டுக்குக் காப்பீடு இருந்து காதில் வில்லை போட்டிருந்தால், அந்த வில்லையும் அதன் எண்ணும் மிக முக்கியம். வில்லை இல்லாவிட்டால் காப்பீட்டுப் பணம் பெரும்பாலும் இல்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கு வங்கி வழியாக எழுத்தில் தெரிவியுங்கள். மாந்தோப்புக்குப் பயிர்க் காப்பீட்டுப் பிரீமியம் கட்டியிருந்தால், தண்ணீர் தேங்கிய சேதத்தை 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது விதி. அந்த நேரம் போய்விட்டது. இருந்தாலும் முகாமில் இருந்த காரணத்தை எழுதி, 14447 என்ற எண்ணிலும் வேளாண் அலுவலகத்திலும் பதியுங்கள். பதிவே இல்லாமல் விடுவதைவிட அது மேல்.

பட்டியலில் பெயர் இல்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். முகாமில் இருந்தவர்கள் விடுபடுவது ஒவ்வொரு வெள்ளத்திலும் நடக்கிறது. நீங்கள் முகாமில் இருந்ததற்கு முகாமின் பதிவேடே ஆதாரம். தாசில்தாருக்கு ஒரு பக்க மனு எழுதி, படங்களை இணைத்து, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அடுத்த திங்கட்கிழமை கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைக் கொடுத்தால் அதற்கு ஒரு பதிவு எண் கிடைக்கும். முதல்வரின் உதவி மையம் 1100-இலும் பதியலாம். வாயால் சொல்லிவிட்டு வந்தால் யாரும் மறுக்கலாம், முத்திரை விழுந்த நகலை மறுக்க முடியாது.

எவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு கேட்டால் குரலில் உறுதி இருக்கும். இந்த மழைக்கான அரசாணையை நீங்கள் தாசில்தார் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க 2024 டிசம்பரில் தமிழக அரசு அறிவித்ததைச் சொல்கிறேன். உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய், சேதமடைந்த குடிசைக்கு 10,000, மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. மரங்களுக்கும் பல்லாண்டுப் பயிருக்கும், சேதம் 33 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஹெக்டேருக்கு 22,500. அந்தக் கணக்கில் உங்கள் இரண்டு மாடும் ஆறு ஆடும் சேர்ந்து 99,000 ரூபாய் வருகிறது. ஒன்றரை ஏக்கர் தோப்புக்கு ஏறத்தாழ 13,600. தோப்பின் மதிப்புக்கு இது ஒன்றுமே இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் மாட்டுப் பணம் கணிசமானது, அதை விட்டுவிடாதீர்கள். அடங்கலில், அதாவது ஊரின் பயிர்ப் பதிவேட்டில், மாந்தோப்பு என்று பதிந்திருக்கிறதா என்பதை வி.ஏ.ஓ.விடம் பாருங்கள். வெறும் புஞ்சை என்றோ வேறு பயிர் என்றோ இருந்தால் தொகையே மாறிவிடும். வீடு முழுவதும் தங்க முடியாத நிலையில் இருந்தால் "பகுதிச் சேதம்" என்று எழுத விடாதீர்கள். இரண்டு சுவர் விழுந்து மேல்கூரை தொங்கும் வீட்டில் யாரும் குடியிருக்க முடியாது என்பதைப் படமே சொல்லும்.

நூற்றுக்குப் பத்து கேட்கிறவரைப் பற்றி மென்மையாக எழுத எனக்கு வரவில்லை. அவரை வீட்டுப் படி ஏற விடாதீர்கள். நிவாரணத்துக்குத் தரகு கிடையாது. மாமியாரின் கைநாட்டு வெற்றுத் தாளில் விழுந்தால், அந்தத் தாள் நாளைக்கு நிலத்துக்கான பவர் பத்திரமாகலாம், கடன் பாண்டாகலாம், அவர் பணம் வாங்கிக்கொண்டு விலகிவிட்டார் என்ற விடுதலைப் பத்திரமாகலாம். ஏற்கெனவே வைத்துவிட்டார் என்றால் மறைக்காமல் எழுதுங்கள். இன்ன தேதியில் இன்னாரிடம் வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கப்பட்டது, அதை எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அவருக்கு ஒன்று, காவல் நிலையத்துக்கு ஒன்று அனுப்பிவிடலாம்.

அவர் செய்து தருவதாகச் சொல்லும் வேலையைக் காசில்லாமல் செய்ய ஆள் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தில் 12-வது பிரிவு, வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், தொழிற்சாலை விபத்து போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவருக்கு இலவச வக்கீல் பெறும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. வருமான வரம்பு இதற்குத் தடையில்லை. உங்கள் கணவர் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறார் என்பதால் மறுக்க முடியாது. ஊத்தங்கரை நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு, கிருஷ்ணகிரி மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு, தொலைபேசி 15100. ஒரு வெள்ளைத் தாளில் கேட்டால் போதும். காப்பீட்டு நிறுவனம் பணம் மறுத்தால் நிரந்தர மக்கள் நீதிமன்றத்துக்குப் போகவும் அவர்களே உதவுவார்கள், அங்கே நீதிமன்றக் கட்டணம் கிடையாது.

ஆவணங்களைப் பற்றி அதிகம் கலங்க வேண்டாம். நீங்கள் பட்டியலிட்ட எல்லாவற்றுக்கும் அசல் பதிவு வேறொரு இடத்தில் இருக்கிறது. வரிசை மட்டும் முக்கியம். முதலில் தொலைந்த சிம் கார்டை அதே எண்ணில் வாங்குங்கள். ஆதாரும் வங்கியும் ரேஷன் கார்டும் ஒரு குறுஞ்செய்தி எண்ணைக் கேட்கும், அது அந்தப் பழைய கைப்பேசி எண்ணுக்குத்தான் வரும். சிம் வந்தால் ஆதாரை இறக்கிக்கொள்ளலாம். சிம் கிடைக்காவிட்டாலும் ஆதார் மையத்தில் கைரேகை வைத்துப் பெறலாம். பிறகு வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு. 2024 வெள்ளத்தின்போது இழந்த அட்டைகளுக்குச் சிறப்பு முகாம் நடத்துவதாக அரசு அறிவித்தது. இப்போதும் முகாம் போடச் சொல்லி ஊராகச் சேர்ந்து கேளுங்கள், ஒருவராகக் கேட்பதைவிட அது சீக்கிரம் நடக்கும். மகளின் மதிப்பெண் சான்றிதழ் டிஜிலாக்கரில் இருக்க வாய்ப்பு உண்டு. அசலின் இரண்டாம் படிக்குப் பள்ளித் தலைமையாசிரியர் மூலம் தேர்வுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக்குள் வந்துவிடும்படி இப்போதே கொடுங்கள்.

பட்டாவும் சிட்டாவும் இ-சேவை மையத்தில் எடுக்கலாம். கிரயப் பத்திரம் போனதால் நிலம் போய்விடாது. அந்தப் பத்திரத்தின் நகல் சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் இருக்கிறது. வில்லங்கச் சான்று போட்டால் ஆவண எண்ணும் ஆண்டும் தெரியும், அதைக் கொண்டு சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம். ஆவணங்கள் வெள்ளத்தில் தொலைந்தன என்று ஒரு தனிப் புகாரும் காவல் நிலையத்தில் கொடுத்து வையுங்கள். பின்னால் விற்கவோ அடமானம் வைக்கவோ போனால் அதைக் கேட்பார்கள். பீரோ எங்காவது ஒதுங்கிக் கிடைத்து, உள்ளே பத்திரம் ஈரமாக இருந்தால், வெயிலில் காய வைக்காதீர்கள், ஒட்டிய தாள்களைப் பிரிக்கவும் முயலாதீர்கள். பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து நிழலில், மின்விசிறிக் காற்றில் மெதுவாக உலர விடுங்கள். முத்திரையும் கையெழுத்தும் பிழைத்துக்கொள்ளும்.

மாமனாரின் வங்கிப் புத்தகம் புதிதாகக் கிடைத்ததும் கடந்த மே, ஜூன் மாதப் பக்கத்தைப் பாருங்கள். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் விபத்துக் காப்பீடு. 70 வயது வரை உள்ளவர்களுக்கு விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய், வெள்ளத்தில் நேர்ந்த மரணமும் விபத்துதான். இப்போது சான்று இல்லாததால் பணம் கேட்க முடியாது. ஆனால் 30 நாளுக்குள் தெரிவிக்கச் சொல்லும் திட்டம் அது. வெள்ளத்தில் காணாமல் போயிருக்கிறார், விசாரணை நடக்கிறது என்று காவல் நிலைய ரசீது நகலோடு வங்கியில் எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள். யாருக்கும் நினைவில்லாத 20 ரூபாயால் காப்பீடு கிடைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தெரியாமலே விட்ட குடும்பங்கள் அதைவிட அதிகம்.

குழுக் கடன்காரர் முகாமில் வந்து உட்காருவது தவறு. சிறுகடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடன் வாங்கியவரைத் தொடர்புகொள்ளக் கூடாது. மிரட்டலும் அவமதிப்பும் கூடவே கூடாது. அவர் பெயரையும் வந்த நேரத்தையும் குறித்து வைத்து, நிறுவனத்தின் குறைதீர் எண்ணுக்கும் முகாம் பொறுப்பு அதிகாரிக்கும் சொல்லுங்கள். அதே சமயம் கடனே கட்ட வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெள்ளத்தால் கடன் தள்ளுபடி ஆவதில்லை. தவணையைத் தள்ளி மாற்றியமைக்கத்தான் ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளில் இடம் இருக்கிறது, அதையும் நீங்கள் எழுதிக் கேட்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடனோ மாட்டுக்கடனோ இருந்தால் அங்கேயும் அப்படியே. மாட்டு நிவாரணம் வங்கிக் கணக்கில் விழுந்ததும் பழைய கடனுக்குப் பிடித்துக்கொள்ளாதபடி முன்கூட்டியே மேலாளரிடம் பேசுங்கள். வார வட்டி, தண்டல் கொடுத்தவர் யாராவது நெருக்கினால் அதற்கு 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, நேராகக் காவல் நிலையத்துக்கே போகலாம்.

நிலத்தைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். மாமனார் பெயரிலேயே இருக்கட்டும். பாகம், விடுதலை, தானம் என்று யார் பேசினாலும், "அவர் விஷயம் தெரியட்டும்" என்று நிறுத்துங்கள். பின்னால் வாரிசுச் சான்று வாங்க நேர்ந்தால், மாமியாரும் அவருடைய எல்லாப் பிள்ளைகளும் அதில் இருக்க வேண்டும், கட்டிக்கொடுத்த பெண்கள் உட்பட. உங்களுக்கு நாத்தனார் இருந்தால் அவர் பெயரை விட்டுவிட்டு வாங்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், அது நடக்கிற கதைதான். அந்தச் சான்று ரத்தாகும், குடும்பமும் உடையும். மருமகளான உங்களுக்கு அந்த நிலத்தில் நேரடிப் பங்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வேலையையும் நீங்கள்தான் ஓடிச் செய்கிறீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது, அதனால் அந்த வரியை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டைத் திரும்பக் கட்டுவதற்கு கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறார்கள். 2024-இல் முழுதும் சேதமான குடிசைகளுக்கு இதில் முன்னுரிமை என்று அறிவித்தார்கள். ஓட்டு வீட்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் மனு. சுவர் எழும்பும் முன் ஒன்று யோசியுங்கள், அந்த இடம் மறுபடியும் தண்ணீர் வரும் இடமா என்று. ஊரில் பெரியவர்களுக்குத் தெரியும். ஆம் என்றால் மேட்டில் வீட்டுமனைப் பட்டா கேட்டு இப்போதே எழுதுங்கள், வெள்ளம் எல்லோர் நினைவிலும் இருக்கும்போது கேட்பதற்கு எடை அதிகம்.

மாமியார் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று பாருங்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகர் தமிழில் பேசுவார், கட்டணம் இல்லை. அவருக்கு என்று மட்டும் இல்லை. 12 நாளாக நீங்கள் அழுததாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

முடிக்கும் முன் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். மாமனாருக்குக் காது கேட்காது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் ஏன் திரும்பவில்லை என்பதற்கான காரணமாக மட்டும் அதை எழுதியிருக்கிறீர்கள். புகாரில் அதை முதல் அடையாளமாகப் போடுங்கள், தடித்த எழுத்தில் போடுங்கள், மருத்துவமனைகளுக்கு அனுப்பும் குறிப்பிலும் இருக்கட்டும். ஏதாவது ஒரு வார்டில், பெயரும் ஊரும் கேட்டுக் கேட்டுப் பதில் வராமல், "பேச இயலாதவர்" என்று சீட்டில் எழுதிப் படுக்க வைத்திருக்கும் ஒரு முதியவரை யாராவது அந்த வரியைப் படித்துவிட்டு இன்னொரு முறை திரும்பிப் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் வக்கீல் அக்கா,
தருமபுரி